படியெடுத்தோம்; சரிபார்த்தோமா?



கரக்பூரில் உள்ள நம் சங்க அறையில், பழைய இதழ்கள் அடுக்கிய அலமாரிக்கு அருகே, ஒரு சிறு கணினி இருப்பதை ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வருவோர் கண்டிருப்பர். வங்கி அட்டையின் நீள அகலமே உடைய ஒற்றைப் பலகைக் கணினி அது. ராஸ்ப்பெரி பை என்பது அதன் பெயர். பிள்ளைகள் குறைந்த செலவில் கணினி பழகவேண்டும் என்னும் நோக்கத்துடன் இங்கிலாந்தில் ஆக்கப்பெற்று, 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இங்குள்ள ஐ.ஐ.டி.யில் பயின்ற தமிழ் மாணவர் ஒருவர் 2019ஆம் ஆண்டில் அதனை நமக்கு அமைத்துக் கொடுத்துவிட்டு, படிப்பு முடிந்து ஊர் திரும்பினார். அதன்பின் அதனைப் பேணும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கணினி நூல் எதையும் முறையாகக் கற்றவனல்லன். எனினும், பொறுப்பேற்ற ஒருவன் செய்த பிழையையும், அப்பிழையால் கற்ற பாடத்தையும் மறைத்து வைப்பது முறையன்று. சங்கத்துக்கு என்னால் நேர்ந்த ஓர் இழப்பை ஈண்டு வெளிப்படையாகக் கூறி, அது வேறெந்த வீட்டிலும் நேராதிருக்க வழியும் கூற முற்படுகிறேன்.

இழப்பு நேர்ந்த வகை

நம்முள் மூத்தவராக விளங்கிய அம்மையார் ஒருவரை அன்பர்கள் பலர் அறிவர். 1958ஆம் ஆண்டில் தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புதுமணப் பெண்ணாக ஹௌரா மெயிலில் ஏறி இவ்வூர் வந்து சேர்ந்தவர். அவர்தம் கணவர் இங்குள்ள இரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்தவர். மொழி தெரியாத ஊரில் குடித்தனம் வைத்தது, வங்கப் பெண்களிடம் கடுகரைத்துக் குழம்பு வைக்கக் கற்றது, அவர்களுக்கு இட்லி வார்க்கக் கற்பித்தது, குவார்ட்டர்சின் முற்றத்தில் பொங்கலிட்டது ஆகிய யாவற்றையும் அவர் தம் வாயாலேயே சொல்ல, ஐ.ஐ.டி. மாணவர் அவற்றை 22 ஒலிப்பதிவுகளாக எடுத்து அச்சிறு கணினியில் சேர்த்து வைத்தார். 2022ஆம் ஆண்டில் அம்மையார் காலமானார்.

அவர் மறைந்த சில நாள்களில், “அப்பதிவுகளுக்குப் படியொன்று எடுத்து வையுங்கள்” என்று செயற்குழு என்னைப் பணித்தது. நானும் கணினியை நிறுத்தி, அதன் வயிற்றிலிருந்த விரல் நக அளவு மெமரி கார்டை எடுத்து, வீட்டிலிருந்த விண்டோஸ் மடிக்கணினியில் செருகினேன். நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகள் திரையில் தெரிந்தன. ஒன்றும் விடாமல் அனைத்தையும் படியெடுத்தேன். இடையே, “இவ்வட்டினை ஃபார்மட் செய்ய வேண்டுமா?” என்று கணினி ஒரு கேள்வி கேட்டது. பொருள் விளங்காவிடினும் அச்சத்தால் வேண்டாமென்று மறுத்தேன். அன்று நான் செய்த நற்செயல் அஃதொன்றே. மறுநாள் குழுவில், “படியெடுத்தாயிற்று” என்று அறிவித்தேன். நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவாயிற்று. நானே கையொப்பமும் இட்டேன்.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒரு மாலை, வங்க மக்கள் கால்பைசாகி என்று வழங்கும் கோடைப் பெருங்காற்று வீசியது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று, வந்தது, மீண்டும் போயிற்று. அதன்பின் அச்சிறு கணினி எழவில்லை. நான் கலங்கவில்லை. படிதான் இருக்கிறதே! மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். நான் படியெடுத்த நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகளுள் அம்மையாரின் குரல் ஒன்றுகூட இல்லை.

மொத்த அளவைக் கூட்டிப் பார்த்தேன். ஐம்பது மெகாபைட்டு அளவே வந்தது. அட்டையோ 32 ஜிகாபைட்டு. நாள்தோறும் பேரேட்டின் கூட்டுத்தொகை சரியாக உள்ளதா என்று பார்த்துச் சம்பளம் வாங்கும் எழுத்தன், இக்கூட்டுத்தொகையை ஓராண்டாகப் பார்க்கவேயில்லை.

அட்டையின் அமைப்பு

எங்ஙனம் இது நேர்ந்தது? அட்டையின் அமைப்பை அறிந்தால் விளங்கும்.

மெமரி கார்டு வெளிக்கு ஒன்றாகத் தோன்றினும், உள்ளே பல பிரிவுகளாக வகுக்கப்படலாம். பல பெட்டிகள் கோத்த இரயில் வண்டியை நினைத்துக்கொள்க. நம் அட்டையில் மூன்று பெட்டிகள். முதற்பெட்டி 256 மெகாபைட்டு அளவினது. இக்காலத்துப் புதிய பதிப்புகளில் 512. கணினி கண் விழிக்கும்போது முதலில் படிக்கும் கோப்புகள் அதில் உள்ளன. அது விண்டோசும் படிக்கவல்ல முறையில் எழுதப்பெற்றது. இரண்டாம் பெட்டியில் லினக்ஸ் இயங்குதளம் முழுமையும் உள்ளது. மூன்றாம் பெட்டியே நம் பண்டகசாலை. இயங்குதளத்தை என்றேனும் புதிதாக நிறுவ நேர்ந்தாலும் ஒலிப்பதிவுகள் கலையாதிருக்க வேண்டும் என்று அம்மாணவர் அவற்றைத் தனிப் பிரிவில் வைத்தார். அது நல்ல யோசனையே. ஆயின் பின்னிரு பெட்டிகளும் எக்ஸ்ட்4 என்னும் லினக்ஸ் முறையில் எழுதப்பெற்றவை. விண்டோஸ் அம்முறையைத் தானாகப் படிக்க வல்லதன்று. தான் படிக்க இயலாத பெட்டியை வெற்றுப் பெட்டியெனக் கருதியே ஃபார்மட் செய்யவா என்று அது கேட்கிறது. ஆம் என்று சொல்லியிருந்தால் அம்மையாரின் குரல் அன்றே அழியத் தொடங்கியிருக்கும்.

இனி, எப்பெட்டி எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் செல்கிறது என்பதை எது கூறும்? அட்டையின் தலைப்பில் உள்ள முதல் 512 பைட்டுகளில், 64 பைட்டு அளவிலான சிறு பட்டியல் ஒன்று உள்ளது. அதில் நான்கு வரிகளுக்கே இடமுண்டு. வரிக்கு 16 பைட்டு. 32 ஜிகாபைட்டு அட்டைக்கு வழிகாட்டுவது இச்சிறு பட்டியலே. கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டுப் படியெடுப்பவர் கைக்கு இப்பட்டியல் வருவதில்லை. எல்லாப் பெட்டிகளின் கோப்புகளும் கிடைத்தால்கூட, அவற்றை வெற்று அட்டையில் கொட்டினால் அது கணினியை எழுப்பாது. ஆகவே, இத்தகைய அட்டைக்குப் படியென்பது தலைப்புப் பட்டியல் தொடங்கிக் கடைசிப் பெட்டி ஈறாக முழு வண்டியையும் அமைத்தலே ஆகும். இதனையே க்ளோன் செய்தல் என்பர்.

மீட்டவை எவை?

நிற்க. பழுதான அட்டையை என் செய்தோம்? அந்த மாணவரையே தொலைபேசியில் அழைத்தேன். அவர் முதலில் சொன்னது இது: “அண்ணா, அந்தக் கார்டில் எதையும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் படிக்க முடிந்தவரை முழுவதையும் வேறிடத்தில் இமேஜாக எடுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அந்தப் படியில்தான்.”

அவர் சொன்னவாறே டீடீரெஸ்க்யூ என்னும் மென்பொருளை லினக்ஸ் கணினியில் இயக்கினோம். எளிதில் படிக்கத்தக்க இடங்களை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துப் பின்னர் மீண்டும் மீண்டும் முயல்கிறது. ஓர் இரவு முழுதும் ஓடியது. விடிந்தபின் அந்தப் படியின் நகல் ஒன்றில் கோப்பமைப்பைச் செப்பனிட்டுத் திறந்தபோது, 22 பதிவுகளுள் 17 கிடைத்தன. ஐந்து கிடைக்கவில்லை. அவ்வைந்தனுள் ஒன்று அம்மையார் பாடிய தாலாட்டு.

அடுத்த ஞாயிறன்று அவர்தம் மகளார் வந்தார். “தம்பி, அம்மாவோட தாலாட்டு இருக்கா? பேத்திக்குப் போட்டுக் காட்டணும்” என்று கேட்டார். “இல்லையக்கா, போய்விட்டது” என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கிடைத்த பதினேழையும் கேட்டுவிட்டு, “இதாவது இருக்கே” என்று சொல்லி எழுந்து போனார். கடிந்திருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

முறையாகப் படியெடுக்கும் வழி

இன்று சங்கத்தில் நாங்கள் பின்பற்றும் முறையைக் கூறுகிறேன். வீட்டில் இத்தகைய கணினி வைத்திருக்கும் இளைஞர்கள் குறித்துக்கொள்க.

முதலாவது, கணினியை முறைப்படி நிறுத்தி, அட்டையை வெளியே எடுத்த பின்னரே முழு இமேஜ் எடுத்தல் வேண்டும். இயங்கும் அட்டையில் ஓயாது எழுத்து மாறிக்கொண்டேயிருக்கும். ஒரு பக்கம் படியெடுத்து முடிப்பதற்குள் மற்றொரு பக்கம் மாறினால், இரண்டும் பொருந்தாத படியே கிட்டும்.

இரண்டாவது, புதிய அட்டை பழையதினும் பெரியதாயிருத்தல் நலம். 32 ஜிகாபைட்டு என்று இரண்டிலும் அச்சிட்டிருப்பினும், ஒன்று மற்றொன்றினும் சிறிது குறைந்திருப்பது உண்டு. குறைந்ததில் எழுதினால் கடைசிப் பெட்டியின் வால் வெட்டுண்டு போகும். நம் ஒலிப்பதிவுகள் இருப்பதோ கடைசிப் பெட்டியில்! இது குறித்தே 64 ஜிகாபைட்டு அட்டை வாங்கினோம். சந்தையில் போலி அட்டைகளும் உலவுகின்றன. மேலே 64 என்றிருக்கும். உள்ளே அதிற் பாதிகூட இராது. எஃப்3 போன்ற சோதனை மென்பொருளால் முழுதும் எழுதிப் படித்துப் பார்த்த பின்னரே புது அட்டையை நம்புதல் வேண்டும். 32 ஜிகாபைட்டு அட்டையைக் கணினி 29.8 என்று காட்டுவது போலித்தன்மையன்று. ஆயிரத்தால் பெருக்குவதற்கும் 1,024ஆல் பெருக்குவதற்கும் உள்ள வேறுபாடே அது.

மூன்றாவது, படியெடுக்கும் கருவி. ராஸ்ப்பெரி பையின் இயங்குதளத்தில் திரை வசதியோடு கூடிய பதிப்பில், துணைக்கருவிகள் வரிசையில் எஸ்டி கார்டு காப்பியர் என்னும் ஒன்று உள்ளது. புது அட்டையை யு.எஸ்.பி. கார்டு ரீடரில் செருகி, எதிலிருந்து எதற்கு என்று காட்டினால் போதும். பிரிவு பிரிவாகப் படியெடுத்துக் கொடுக்கும். இயங்கும் அட்டையிலிருந்தே எடுக்க வல்லதெனினும், அவ்வேளை வேறு வேலை எதனையும் கணினிக்குக் கொடாதிருத்தல் நன்று. புதிதாகத் தொடங்குவோர்க்கு இதுவே எளிய வழி. விண்டோஸ் மட்டும் உடையோர், வின்32 டிஸ்க் இமேஜர் என்னும் மென்பொருளால் முழு அட்டையையும் ஒரே இமேஜ் கோப்பாகப் படித்து வைத்து, பின்னர் அதனைப் புது அட்டையில் எழுதலாம்.

லினக்ஸ் அறிந்தோர்க்கு டீடீ என்னும் கட்டளை உண்டு. யுனிக்ஸ் காலத்திலிருந்தே, அஃதாவது 1970களிலிருந்தே வழங்கிவரும் பழங்கருவி அது. பிரிவு எது, கோப்பு எது என்று பாராமல் முதற்பைட்டு தொடங்கிக் கடைசிப் பைட்டு வரை எழுதும். ஆயின் அது கேள்வியே கேளாத வேலையாள். வருமிடத்தையும் போகுமிடத்தையும் மாற்றிச் சொல்லிவிட்டால், வெற்று அட்டையின் வெறுமையை நிறைந்த அட்டையின்மீது எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். அட்டையைச் செருகுமுன் ஒருமுறையும், செருகிய பின் ஒருமுறையும் வட்டுகளின் பட்டியலைப் பார்த்து, புதிதாக வந்த பெயர் எதுவென உறுதி செய்க. அன்றியும், முழு அட்டைக்கு ஒரு பெயரும், அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் அப்பெயரின் ஈற்றில் எண் சேர்ந்த பெயரும் வழங்கும். எண்ணுள்ள பெயரைக் கொடுத்தால் ஒரு பெட்டி மட்டுமே படியாகும். நான் அன்று செய்த பிழையை வேறொரு வழியாகச் செய்தவராவீர். எண்ணில்லாப் பெயரையே கொடுத்தல் வேண்டும். நொடிக்கு 20 மெகாபைட்டு வீதம் படித்தால் 32 ஜிகாபைட்டுக்கு ஏறத்தாழ 27 நிமிடமாகும். பொறுத்திருக்க.

நான்காவது, இமேஜ் வழியாகவோ டீடீ வழியாகவோ பெரிய அட்டைக்கு மாற்றினால், எஞ்சிய இடம் பயனின்றிக் கிடக்கும். பிரிவை நீட்டி அதனைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆயின் வண்டியின் நடுப்பெட்டியை அப்படியே நீட்ட இயலாது. பின்னே அடுத்த பெட்டி நிற்கிறது. கடைசிப் பெட்டியையே நீட்டலாம். நம் பண்டகசாலை கடைசியில் இருந்தமையால் அது நமக்கு வாய்ப்பாயிற்று.

ஐந்தாவது, பைட்டுக்குப் பைட்டு எடுத்த படி, மூல அட்டையின் அடையாள எண்ணையும் அப்படியே கொண்டிருக்கும். கணினி தன் பிரிவுகளை அவ்வெண்ணாலேயே தேடுகிறது. ஆகவே மூலத்தையும் படியையும் ஒரே வேளையில் ஒரே கணினியில் செருகி இயக்கினால், எது எதுவென்று தடுமாறும். ஒன்றை எடுத்துவிட்டே மற்றொன்றை இயக்குக.

சரிபார்த்தல்

இவையனைத்தும் செய்தாலும் படியெடுத்தல் பாதியே முடிந்ததாகும். மறுபாதி சரிபார்த்தல்.

டீடீ வழியாக எடுத்த படியாயின், மூலத்தையும் படியையும் எஸ்.எச்.ஏ.256 என்னும் கணக்கால் ஒப்பிடலாம். எவ்வளவு பெரிய தரவாயினும் அதனை 64 எழுத்துகளாகச் சுருக்கித் தரும் கணக்கு அது. மூலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் விடை வேறாகும். புது அட்டை பெரியதாயின், மூலத்தின் நீளம் வரையே எடுத்து ஒப்பிடுதல் வேண்டும். பிரிவை நீட்டுவதற்கும், படியை இயக்கிப் பார்ப்பதற்கும் முன்னரே இதனைச் செய்க. இயங்கத் தொடங்கியவுடன் அட்டையில் எழுத்து மாறிவிடும். எஸ்டி கார்டு காப்பியர் வழியாக எடுத்ததாயின் பைட்டு வரிசை ஒத்திராது. பிரிவுகளின் எண்ணிக்கையையும் கோப்புகளையும் ஒப்பிட்டால் போதும்.

அதன்பின் மூலத்தை எடுத்து வைத்துவிட்டுப் படியைச் செருகிக் கணினியை எழுப்புக. எழுந்ததே என்று மகிழ்ந்து நின்றுவிடலாகாது. மூன்றாம் பெட்டியைத் திறந்து, ஏதேனும் ஒரு பதிவை இறுதிவரை காதால் கேளுங்கள்.

படியையும் மூலத்தையும் ஒரே மேசை அறையில் வைப்பதும் பயனற்றதே. இவ்வட்டைகள் மின்னேற்றத்தால் எழுத்தைத் தாங்குபவை. அவ்வேற்றம் ஆண்டுகள் பல செல்லக் கசியக்கூடும். ஆகவே இமேஜ் கோப்பு ஒன்றை ஹார்டு டிஸ்கிலும் வைத்து, அதனை வேறொருவர் வீட்டில் வைத்துள்ளோம்.

ஒரு வேண்டுகோள்

இப்போது அலமாரியின் மேல் ஒரு நோட்டுப் புத்தகம் உள்ளது. அதில் நாள், படியெடுத்தவர், சரிபார்த்தவர் என மூன்று கட்டங்கள். படியெடுத்தவரும் சரிபார்த்தவரும் ஒருவராயிருத்தல் கூடாது என்பது விதி. மூன்று திங்களுக்கு ஒருமுறை, முதல் ஞாயிறன்று வகுப்பு முடிந்தபின் இது நடைபெறுகிறது. சென்ற முறை சரிபார்த்தவள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பதிவு முழுதும் கேட்ட பின்னரே கையொப்பமிடுவேன் என்று அரைமணி நேரம் என்னைக் காக்க வைத்தாள். எனக்கு மிக்க மகிழ்ச்சி.

அம்மையாரின் மகளார் பின்னொரு நாள் வந்து, தமக்கு நினைவிருந்த மட்டும் அத்தாலாட்டைப் பாடிப் பதிவு செய்வித்தார். இடையே இரண்டு அடிகள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அவ்விடத்தில் சிறிது நின்று, மேலே பாடியிருக்கிறார். அந்த இடைவெளியை நீக்காமல் அப்படியே வைத்துள்ளோம்.

அன்பர்கள் வீடுகளிலும் இத்தகைய குரல்கள் தொலைபேசியிலும் அட்டையிலும் அடங்கிக் கிடக்கும். ஊரிலிருந்து தொலைவில் வாழும் நமக்கு அவை பெருஞ்செல்வம் என்று கூறவும் வேண்டுமோ? யாரேனும் உங்களுக்குப் படி எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னால், “சரிபார்த்தீர்களா?” என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். 2022ஆம் ஆண்டில் ஒருவராவது என்னை அவ்வாறு கேட்டிருக்கலாகாதா என்று நான் பன்முறை எண்ணியதுண்டு. படியெடுக்க வழியறியாதோர் அட்டையையும் புதிய அட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு எந்த ஞாயிறன்றும் சங்க அறைக்கு வரலாம். நானும் வகுப்புப் பிள்ளைகளும் உடனிருந்து செய்து தருவோம்.